ஆள் கணக்கு

ஜூன் 5, 2023, திங்கள்

ஆடி மாதக் கோயில் பயணங்களுக்கு மூன்று வண்டி நிரம்பிவிட்டது. நான்காவதில் எட்டு இருக்கை பாக்கி. சமையலுக்கு வருவதாகச் சொன்னவர் மகள் வளைகாப்பு என்று பின்வாங்கிவிட்டார். வேறு ஆள் பார்க்க வேண்டும்.

மதியம் முதலாளி பொன்னுரங்கம் கூப்பிட்டனுப்பினார். சுற்றுலா வாகன உரிமையாளர் சங்கத்துக்கு இந்த வருடம் அவர்தான் செயலாளர். வருகிற இருபத்தைந்தாம் தேதி சேலத்தில் ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைக்கிறார்களாம். என்னைப் போன்ற டூர் மேனேஜர்கள், ஓட்டுநர்கள் என்று அறுபது பேர் வருவார்கள். முதலுதவி பற்றி ஒரு டாக்டர், டயர் பராமரிப்பு பற்றி ஒருவர். ‘ஆள் கணக்கு’ பற்றி நான் பேச வேண்டும். நிறுத்தங்களில் இறங்கியவர்கள் எல்லாரும் திரும்ப ஏறிவிட்டார்களா என்று எண்ணிப் பார்க்கும் வேலைதான் அது. பேசப்போவதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்தால் சங்கத்தின் ஜூலை இதழில் போடுவாராம்.

“இருவத்தி ரெண்டு வருசம் வண்டியோட போயிட்டு வந்தவ. உன்னை விட்டா யாரு பேசுறது?” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 7, புதன்

குறிப்புகள் எழுதினேன். இருக்கை எண்ணைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து எண்ண வேண்டும். முன்னாலிருந்து பின்னால் ஒருமுறை, பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை. ‘எல்லாரும் வந்தாச்சா’ என்று கேட்கவே கூடாது; யாராவது ஒருவர் ‘ஆச்சு’ என்று சொல்லிவிடுவார். மேனேஜர் இரண்டு விசில் ஊதும்வரை ஓட்டுநர் வண்டியை நகர்த்தக் கூடாது.

முதலாளி பார்த்துவிட்டு, விதிகளை மட்டும் சொன்னால் தூங்கிவிடுவார்கள், நடந்த சம்பவம் ஒன்று வேண்டும், லோகாம்பாள் அம்மா விஷயத்தைச் சொல் என்றார்.

அந்த அம்மாவின் பெயரே எனக்கு மறந்துபோயிருந்தது என்று எழுதலாம். எழுதினால் பொய்.

ஜூன் 9, வெள்ளி

கட்டுரையில் அந்தப் பகுதியை எழுதி முடித்தேன். இங்கேயும் நகல் எடுத்து வைக்கிறேன்.

‘2019 ஆகஸ்டில் நாற்பத்து மூன்று பேருடன் கர்நாடகக் கோயில்களுக்குச் சென்றோம். சிருங்கேரியிலிருந்து கொல்லூர் போகும் வழியில், காட்டுப் பகுதியில் ஒரு தேநீர்க் கடையில் வண்டி நின்றது. நல்ல மழை. மாலை நான்கு மணிக்கு, ஆள் கணக்கு முடியும் முன்பே, விசிலுக்குக் காத்திராமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்திவிட்டார். ஆத்தூரைச் சேர்ந்த லோகாம்பாள் என்ற எழுபத்தொரு வயதுப் பயணி கடையின் பின்புறம் கழிப்பறைக்குப் போயிருந்தார். தலைசுற்றல் என்று முன் இருக்கைக்கு மாறிக்கொண்டார் போலும் என்று பக்கத்து இருக்கைக்காரர் நினைத்துக்கொண்டார். கொல்லூரில் அறை பிரித்துக் கொடுக்கும்போதுதான் ஒருவர் குறைவது தெரிந்தது. மொழி தெரியாத அந்த அம்மா, வண்டியைத் தேடி மழையில் எதிர்த் திசையில் நடந்திருக்கிறார். மறுநாள் நண்பகலில் ஒரு பாக்குத் தோட்டத்துக் கொட்டகையில் அவரைக் கண்டுபிடித்தோம்.’

இதழுக்கு இது போதும். காலில் பட்ட காயம் சர்க்கரை நோயால் ஆறாமல் இரண்டு விரல்களை எடுக்க வேண்டிவந்ததை எழுதவில்லை. 2021இல் அவர் இறந்தபோது ஆத்தூர் போயிருந்தேன். மகன் சண்டை போடுவார் என்று பயந்து போனேன். அவர் காபி கொடுத்தார். அம்மா தினமும் சாயங்காலம் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, வண்டி வந்துருச்சா, வண்டி வந்துருச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னார். அதையும் எழுதவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வரவில்லை. துணி அப்படியே கிடக்கிறது. தூக்கம் சரியில்லை.

ஜூன் 14, புதன்

முதலாளிக்குக் கட்டுரை பிடித்துவிட்டது. அதோடு புதிதாக ஒரு யோசனையும் வந்துவிட்டது. அந்த ஓட்டுநர் அங்கமுத்துவையே வகுப்புக்கு வரவழைத்துப் பேச வைத்தால் என்ன என்கிறார்.

“தப்பு பண்ணுன ஆளே நின்னு சொன்னான்னா நூறு பேரு சொன்னதுக்குச் சமம். நீயே போய்க் கூப்பிடு தவமணி. நீ கூப்பிட்டா வருவான்.”

வரமாட்டார், கூச்சப்படுவார் என்றேன். முதலாளி கேட்கவில்லை. அங்கமுத்து இப்போது எடப்பாடிப் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறாராம்.

அவர் ஏன் தறிக்குப் போனார் என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் அக்டோபர் இதழில் கட்டம் கட்டி ஒரு அறிவிப்பு வந்தது. ‘விசிலுக்குக் காத்திராமல் வண்டியை நகர்த்திப் பயணியின் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்திய ஓட்டுநர் கா. அங்கமுத்துவைப் பணியில் சேர்க்கும் முன் உறுப்பினர்கள் யோசிக்கவும்.’ பெயர், ஊர், உரிம எண் எல்லாம் இருந்தது. அடுத்த வருடமே கொரோனா வந்து எல்லா வண்டியும் நின்றது. நின்ற வண்டிகள் திரும்ப ஓடியபோது அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

அந்த அறிவிப்பின் வாசகத்தை எழுதிக் கொடுத்தது நான்.

ஜூன் 16, வெள்ளி

எடப்பாடி போய் வந்தேன்.

தெருவெல்லாம் தறிச் சத்தம். வீடு ஓட்டு வீடு, இரண்டே அறை. அங்கமுத்து அண்ணன் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு. என்னைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எத்தனை தூரம் அவரோடு போயிருக்கிறேன்! காசிக்கு மட்டும் ஒன்பது முறை. மலை இறக்கத்தில் அவர் வண்டியை இறக்கும்போது கிழவிகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அவருடைய மனைவி மாராயி உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி.

வந்த விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில் அவரே பேசினார்.

“மேடம், நானே ஒரு நாளு வந்து உங்களப் பாக்கணும்னு இருந்தேன். வர மூஞ்சி இல்ல. என்னால உங்களுக்குத்தான் கெட்ட பேரு. பொம்பள மேனேஜரு, அதான் இப்படி ஆச்சுன்னு அன்னிக்கு அத்தனை பேரும் பேசுனாங்க. எனக்குக் காதுல விழுந்துச்சு.”

அதெல்லாம் எதற்கு இப்போது என்றேன்.

“இல்லீங்க. விசில் கேட்டுச்சுன்னு எனக்கு அவ்ளோ நிச்சயமா இருந்துச்சு. ரெண்டு விசிலு. கேட்டுத்தான் கியர் போட்டேன். அப்பறம் நீங்க ஊதலன்னு சொன்னீங்க. மேடம் ஊதலன்னா ஊதலதான். அப்ப எங் காதுலதான் கோளாறுன்னு சேலம் போயி டாக்டர்கிட்டக் காட்டுனேன். காது நல்லாத்தான் இருக்குன்னாரு. காது நல்லா இருந்தா அப்பறம் எனக்கு என்னா கேட்டுச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியல.”

உள்ளே நூல் சுற்றும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

வகுப்பைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் திரும்பியிருக்கலாம். வருகிறேன் என்று உடனே சொன்னார். சின்னப் பையன்கள் தன்னைப் போல் ஆகிவிடக் கூடாது என்றார். அவருக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டிருக்கிறது.

ஜூன் 17, சனி

சமையல்காரர் கிடைத்துவிட்டார். பவானி ஆள். காரம் குறைவாகப் போடுவாராம்.

ஜூன் 20, செவ்வாய்

அங்கமுத்து அண்ணன் போன் செய்தார். பேசப்போவதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். படித்துக் காட்டினார். வணக்கத்துக்குப் பிறகு தன் முழுப் பெயர், எத்தனை வருட அனுபவம், எந்தெந்த ஊருக்கு வண்டி ஓட்டினார், எல்லாம் இருந்தது. பிறகு தயங்கி, “விசில் கேட்ட மாதிரி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாங்களா மேடம்?” என்று கேட்டார்.

வேண்டாம் அண்ணே, கேட்கிறவர்களுக்குக் குழப்பமாகிவிடும் என்றேன்.

“அதுவுஞ் சரிதான். சாக்கு சொல்ற மாதிரி ஆயிரும்,” என்றார். எழுதி வைத்திருந்த அந்த வரியை அடித்துவிட்டதாகவும் சொன்னார். பேனா காகிதத்தில் உராயும் சத்தம் போனில் கேட்டது.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. நான்காவது வண்டியில் இன்னும் இரண்டு இருக்கை பாக்கி.

ஜூன் 25, ஞாயிறு

வகுப்பு நன்றாக நடந்ததாக எல்லாரும் சொல்கிறார்கள்.

அங்கமுத்து அண்ணன் வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பழைய ஓட்டுநர்கள் சிலர் அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தேநீர் குடிக்கப் போனார்கள். அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. விதிகளைச் சொன்னேன். சம்பவத்தைச் சொன்னேன். அதே சொற்களில்தான் சொன்னேன். பிறகு முதலாளி எழுந்து, அந்த ஓட்டுநரே நம்மிடம் பேசப்போகிறார் என்று அறிவித்தார்.

அண்ணன் எழுந்து வந்து நோட்டைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார் போலிருக்கிறது. நோட்டை மூடிவிட்டு வாயாலேயே பேசினார்.

“எம் பேரு அங்கமுத்து. இருவத்தாறு வருசம் வண்டி ஓட்டுனேன். ஒருத்தரு மேலயும் உரசுனது கெடையாது. ஒரு நாளு அவசரப்பட்டேன். ஒரு அம்மாவக் காட்டுல விட்டுட்டு வந்துட்டேன். அவங்க இப்ப இல்ல. விசிலு கேக்கறவரைக்கும் கையக் கியர்ல வெக்காதீங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் எறங்கிப் போயி ஒரு வாட்டி கேட்டுருங்க. அவ்ளோதாங்க.”

கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். முதலாளி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். புகைப்படம் எடுத்தார்கள். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

நான் அவருக்கு மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். மைக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு விடைபெற வந்தார். மனதில் இருந்த பாரம் இறங்கியதாகச் சொன்னார். என்னால்தான் இது நடந்தது என்று கை கூப்பினார்.

ஜூன் 26, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தேநீர்க் கடையில் நிற்கும்போது கொல்லூர் விடுதியிலிருந்து போன் வந்தது. நமக்கு வைத்திருந்ததில் ஏழு அறைகளை வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வண்டிப் படிக்கட்டில் ஒரு கால் வைத்தபடி சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மழையில் சரியாகக் கேட்கவில்லை. நேரமாகிறது என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். எல்லாரும் வந்தாச்சா என்று தலையைத் திருப்பிக் கேட்டேன். ஆச்சு என்று யாரோ சொன்னார்கள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினேன். வண்டி நகர்ந்தது. நான் எண்ணவே இல்லை.

மறுநாள் முதலாளி காரில் வந்து இறங்கி, எப்படி நடந்தது என்று கேட்டார். அங்கமுத்து அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். பொம்பளையை நம்பி வண்டியை அனுப்பினால் இப்படித்தான் என்று இரண்டு பயணிகள் என் காதுபடப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு வந்த முதல் பெண் நான். ‘நான் எண்ணிக்கொண்டிருந்தேன், விசில் ஊதவில்லை’ என்று வாயில் வந்தது. வந்தது என்று எழுதுகிறேன், பார். நான்தான் சொன்னேன்.

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நான்கு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காப்பாற்றுவதற்காகக் குனிகிறார் என்று அப்போது நினைத்தேன். என்னை நம்பிக் குனிந்திருக்கிறார்.

ஜூன் 28, புதன்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கட்டுரையை நிறுத்துங்கள் என்றேன்.

திட்டவில்லை. இதழ் அச்சுக்குப் போய்விட்டது, படத்தோடு முதல் பக்கத்தில் வருகிறது என்றார். அவன்தான் நல்லபடியாகப் பேசி நல்ல பெயர் வாங்கிவிட்டானே, வேண்டுமானால் நம் கம்பெனியிலேயே திரும்ப வண்டி கொடுக்கலாம் என்றார்.

“நாலு வருசம் கழிச்சு இதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போவுது? உன் பேரும் கம்பெனி பேரும் வேற வேற இல்லம்மா. வாய மூடிக்கிட்டு ஆடி டூரைப் பாரு.”

வெளியே வந்து, காலண்டரில் ஆடிப் பயணத் தேதிகளைச் சும்மா எண்ணிக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதில் பாதி எனக்கு ஆறுதலாக இருந்ததையும் எழுத வேண்டும்.

ஜூன் 29, வியாழன்

ஷிப்டு மாறும் நேரத்துக்கு எடப்பாடி போனேன். தறிக் கூடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. அங்கமுத்து அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். இரண்டு வண்டிக்காரர்கள் வகுப்புக்குப் பிறகு போனில் நலம் விசாரித்தார்களாம்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். விசில் ஊதியது நான். நீங்கள் கேட்டது சரி. எண்ணாமல் ஊதினேன். அப்புறம் ஊதவில்லை என்று பொய் சொன்னேன். இதழில் உங்களைப் பற்றி எழுதிக் கொடுத்ததும் நான்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

“ரெண்டு விசிலுங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டு, அண்ணே.”

“மொதலு நீளமா. அடுத்தது சின்னதா.”

“ஆமாம்.”

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“வூட்டுக்கு வந்து அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.”

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். மேடம் என்று அவர் இன்று ஒருமுறைகூட என்னைக் கூப்பிடவில்லை என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

ஜூலை 1, சனி

இதழ் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் பொன்னாடையோடு அவர். பக்கத்தில் நான். ‘தவற்றை ஒப்புக்கொண்ட ஓட்டுநர்’ என்று தலைப்பு.

காலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேருக்கும் போய்ச் சேரும்படி ஒரு கடிதம் போட்டேன். எட்டே வரி. என் பெயர், தேதி, நான் ஊதியது, நான் சொன்ன பொய், அக்டோபர் 2019 அறிவிப்பை எழுதியது நான் என்பது, அங்கமுத்து மேல் எந்தத் தவறும் இல்லை என்பது. ஆத்தூரில் அந்த அம்மாவின் மகனுக்கும் அதையே அனுப்பினேன். அவர் படித்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மதியம் கணக்குப்பிள்ளை வந்து அலுவலகச் சாவியைக் கேட்டு வாங்கிப் போனார். ஆடிப் பயணங்களின் பட்டியலையும் கொடுத்துவிட்டேன். நான்காவது வண்டி நேற்றோடு நிரம்பிவிட்டது. அதில் யார் யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காது கேட்காது, யார் தனியாக வருகிறார்கள் என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். புதிதாக வருகிறவர் அதைப் படிப்பாரா தெரியவில்லை.

பக்கத்து மாவட்டத்து உரிமையாளர் ஒருவர் போன் செய்து அங்கமுத்துவின் எண்ணைக் கேட்டார். கொடுத்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

வீட்டில் இருவரும் இருந்தார்கள். மாராயி கதவோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் தரையிலேயே உட்கார்ந்தேன். அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. இங்கே சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மாராயி என்னை ஒருமுறைகூடக் குறுக்கே மறிக்கவில்லை. சொல்லி முடித்ததும் கடிதத்தைக் கேட்டார். போனில் எடுத்துக் காட்டினேன். படிக்கத் தெரியாது, நீங்களே வாசியுங்கள் என்றார். வாசித்தேன்.

“இதை எல்லாருக்கும் போட்டுட்டீங்களா?”

போட்டுவிட்டேன் என்றேன்.

“செரி. நீங்க எழுதுனத நீங்க திருத்தி எழுதிட்டீங்க.” புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “காது நல்லாருக்குன்னு டாக்டரு சொன்னாருன்னு இவரு வந்து சொன்னப்ப, பொய் சொல்றீங்கன்னேன். தறிக்காரங்க முன்னாடி செவிட்டு மனுசான்னுதான் கூப்புடுவேன். எம் பையனும் அப்படியே கூப்புட ஆரம்பிச்சான். சத்தமாப் பேசுனாத்தான் இவருக்குக் கேக்கும்னு வூடே கத்தும். இவரும் ஒரு நாளும் வேண்டாம்னு சொன்னதில்ல. நான் பேசுனத எதுல எழுதித் திருத்தறது?”

அண்ணன், விடு என்பது போல் கையை அசைத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

எழுந்தேன். மாராயி என்னை வழியனுப்பவில்லை. சாப்பாட்டு நேரம். சட்டியை இறக்கி வைத்து அவருக்குத் தட்டுப் போட்டார். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா என்று மாராயி அவரிடம் கேட்டது, தெருவில் ஓடும் அத்தனை தறிச் சத்தத்துக்கு நடுவே, எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குத் தணிந்த குரலில் இருந்தது.

அவருக்குக் கேட்டது. ஊத்து என்றார்.